கோல சிலாங்கூரில் எளிய நடைப் பாதைகள்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்

மலேசியாவின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் மலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையும் மலை என்று சொன்னால் கேமரன் மலைக்காரர்கள் சிரிப்பார்கள். புக்கிட் மலாவாத்தி என்ற அந்தக் குன்றின் உச்சியைத் தொட, வயதானவர்களுக்குக்கூட அரை மணி நேரம் போதும். ஆனாலும், நடப்பதற்கென்றே கோல சிலாங்கூருக்கு வாருங்கள் என்று தயங்காமல் அழைப்பேன். குன்று, அதன் காலடியில் சதுப்புநிலக் காடு, காட்டை ஒட்டிக் கடலில் கலக்கும் ஆறு, ஆற்றோடு மேலே உள்நாட்டுப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டங்கள் என்று இத்தனையையும், கொஞ்சம் கார் ஓட்டமும் நிறைய நடையுமாக ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரின் ஏற்ற இறக்கம் நிலத்தில் இல்லை, நீரில் இருக்கிறது. கடல் ஒரு நாளில் இருமுறை ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் காலை பதினொரு மணிக்கு வந்து இறங்கி, வெயிலில் வாடி, "இங்கே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அதே பாதையில், அதே நாளில், மூன்று மணி நேரம் முன்னதாக வந்திருந்தால் நகர மனமில்லாமல் நின்றிருப்பார்கள்.

நான் தோட்டத்துப் பிள்ளை. என் அம்மா புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். முதன்முறை அவரை நடக்கக் கூப்பிட்டபோது, "சும்மா நடப்பதற்காகவா நடப்பார்கள்?" என்று கேட்டார். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நடந்தவர். நிரை நிரையாக மரத்துக்கு மரம் நடந்தவர். பால் வாளியைச் சுமந்துகொண்டு ஸ்டோருக்கு நடந்தவர். அந்த நடைக்குச் சம்பளமாவது கிடைத்தது என்பது அவருடைய வாதம். இப்போது அறுபத்தெட்டு வயதில், சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். இந்த வழிகாட்டியில் உள்ள நேரக் கணக்கெல்லாம் அவருடைய நடையை வைத்துப் போட்டவை. என் நடை அதைவிட மெதுவானது.

நாளும் நேரமும்

கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். லாத்தார் நெடுஞ்சாலையில் வந்து அசாம் ஜாவாவில் இறங்கினால் மிச்ச வழியைப் பெயர்ப்பலகைகளே காட்டிவிடும். கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் காப்பார், ஜெராம் வழியாகக் கடலோரச் சாலையிலேயே வந்துவிடலாம். காலை நேரத்தில் அது அழகான சாலை. ஞாயிறு மாலையில் அதே சாலையில் திரும்பிப் போவதை மட்டும் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, போர்ட் கிள்ளானுக்கான கடல் ஏற்ற வற்ற அட்டவணையைக் கைப்பேசியில் பார்ப்பது. காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் கடல் வற்றும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். நீர் வற்றினால்தான் சேறு வெளியே வரும். சேறு வெளியே வந்தால்தான் நண்டும் மீனும் அவற்றைத் தேடிக் கொக்கும் வரும். வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே இந்தச் சனிக்கிழமை பொருந்திய நேரம் அடுத்த சனிக்கிழமை பொருந்தாது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக ஏறி மிக அதிகமாக வற்றும். இந்தக் கரையில் அந்த வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். அதே பாதையை அன்றைக்குக் காலையிலும் மாலையிலும் பார்த்தால் இரண்டு வேறு ஊர்கள் என்று தோன்றும்.

இரவில் மின்மினிப் பூச்சிகளையும் பார்க்கும் திட்டமிருந்தால் பௌர்ணமியை விட்டுவிடுங்கள். நிலா வெளிச்சத்தில் அவற்றின் ஒளி எடுபடாது. அமாவாசையை ஒட்டிய வாரம்தான் சரி.

மழையைப் பொறுத்தவரை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மழை வழக்கம். காலை நடைக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. வலசைப் பறவைகள் வேண்டுமென்றால் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாருங்கள்.

காலில் என்ன, பையில் என்ன

விலையுயர்ந்த மலையேற்றக் காலணி இங்கே வீண். எங்கள் ஊர்க் கடைகளில் கறுப்பு ரப்பர் சப்பாத்து ஒன்று தொங்கும். அடியில் குமிழ் குமிழாகப் பற்கள் வைத்திருக்கும். நாட்டு மக்கள் எல்லோரும் அதைச் செல்லமாக அடிடாஸ் கம்போங் என்பார்கள். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பால் வெட்டுகிறவர்கள் காலமெல்லாம் போட்டுத் திரிந்தது இதைத்தான். சேற்றில் வழுக்காது, தண்ணீர் தேங்காது, குழாயடியில் காட்டினால் சுத்தமாகிவிடும். இப்போது கோலாலம்பூர் மலையேறிகள் இதைத் தேடி வாங்குகிறார்கள். அம்மாவுக்கு அந்தச் செய்தியைச் சொன்னபோது ஒரு நிமிடம் சிரித்தார். பிறகு, "காலுறை போடாமல் போட்டால் குதிகாலைக் கடிக்கும் என்று சொல்லிவிடு" என்றார். சொல்லிவிட்டேன். ஒரு சுற்றுப் பெரிய அளவாக வாங்கித் தடித்த காலுறையோடு போடுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, மெல்லிய முழுக்கைச் சட்டை. சதுப்பு நிலத்துக் கொசு சட்டைக்கு மேலேயே கடிக்கும் ஜாதி. மருந்தைத் தோள்பட்டையிலும் முதுகிலும் துணிக்கு மேல் அடித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் குறையில்லை. பிளாஸ்டிக் பையில் உணவு மட்டும் வேண்டவே வேண்டாம். காரணம் குன்றின் மேல் காத்திருக்கிறது.

முதல் நடை: புக்கிட் மலாவாத்தி

காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வந்தவுடன் தொடங்குங்கள். குன்றைச் சுற்றி மேலே போகும் தார்ச்சாலை ஒன்று இருக்கிறது. வார இறுதியில் கார்களை மேலே விடுவதில்லை, டிராம் வண்டிதான் போகும். டிராம் ஓடத் தொடங்குவதற்கு முன் ஏறிவிட்டால் சாலை முழுக்க உங்களுக்குத்தான். இரண்டு பக்கமும் பெரிய பெரிய நிழல் மரங்கள், சரிவு மிதமானது. பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டே மேலே போகும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். நூறு படிகள் என்று பெயர் பெற்ற படிக்கட்டும் உண்டு. அம்மாவும் நானும் ஆளுக்கொரு முறை எண்ணியிருக்கிறோம். எங்கள் கணக்கு இதுவரை ஒத்துப்போனதில்லை. முட்டி வலி உள்ளவர்கள் சாலை வழியாக ஏறிச் சாலை வழியாகவே இறங்குங்கள். ஏறும்போது பொறுத்துக்கொள்ளும் முட்டி, படியில் இறங்கும்போதுதான் பழி வாங்கும்.

குன்று சிறியதென்றாலும் அதற்காகச் சண்டை போட்டவர்கள் பலர். சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை இங்கேதான் இருந்தது. 1784-இல் டச்சுக்காரர்கள் இதைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்துவிட்டார். 1871-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று கடலிலிருந்து குண்டு போட்டது. இன்று பீரங்கிகள் கடலை நோக்கி வாய் திறந்தபடி நிற்க, பிள்ளைகள் அவற்றின் மேல் குதிரை ஏறுகிறார்கள். தலை வெட்டப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு கல்லும், துரோகிகளை இறக்கியதாகச் சொல்லப்படும் விஷக் கிணறும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அந்தக் கதைகள்தான் பிடிக்கும். முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலமும் இங்கேதான் இருப்பதால், அந்தப் பக்கம் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

உச்சியில் வெள்ளை நிறத்தில் ஒரு கலங்கரை விளக்கம். 1907-இல் கட்டியது, பெயர் மட்டும் பழைய டச்சுப் பெயரே. அதற்கு அருகில் ரமலான் பிறையைப் பார்க்கும் நிலையம். அங்கிருந்து மேற்கே பாருங்கள். கடல் தெரியும், ஆனால் எதிர்பார்த்த இடத்தில் தெரியாது. குன்றுக்கும் கடலுக்கும் நடுவில் பச்சைப் பாய் விரித்ததுபோல் சதுப்புநிலக் காடு கிடக்கும். இரண்டாவது நடை அதற்குள்தான் என்பதால், எங்கே ஏரி, எங்கே கரை, எங்கே ஆற்றின் வாய் என்று மேலிருந்தே ஒருமுறை மனதில் வரைந்துகொள்ளுங்கள். கீழே இறங்கிய பிறகு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

இனிக் குரங்குகள். இரண்டு வகை இருக்கின்றன, இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். சாம்பல் நிற உடலும், உச்சந்தலையில் சீப்பால் தூக்கிவிட்டதுபோல் நிற்கும் முடியும் கொண்டவை மந்திகள், மலாயில் லோத்தோங். பரம சாதுக்கள். அதன் குட்டி மட்டும் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். சாம்பல் தாயின் மடியில் ஆரஞ்சுக் குட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் கேமராவைத் தேடாமல் முதலில் கண்ணால் பாருங்கள். இவை இலை தின்னும் பிராணிகள். வயிறு அறை அறையாகப் பிரிந்து, இலையை ஊறவைத்துச் செரிக்கும் அமைப்பு. ரொட்டியும் இனிப்பும் அந்த வயிற்றைக் கெடுத்துவிடும். பயற்றங்காயை விற்பவர்கள் இருப்பார்கள். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். மரத்தில் இலைக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது வகை நீளவால் குரங்கு, மலாயில் கெரா. இது போக்கிரி. சில ஆண்டுகளுக்கு முன் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள் நான்கைச் சிவப்புப் பையில் போட்டுத் தொங்கவிட்டபடி நான் ஏறினேன். உச்சியைத் தொடுவதற்கு முன் பை என் கையில் இல்லை. மரக்கிளையில் உட்கார்ந்து, இலையைப் பிரித்து, நெத்திலியை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்த நேர்த்தியை இன்றைக்கும் வீட்டில் பேசுகிறார்கள். பையின் சலசலப்புச் சத்தம்தான் அதற்கு அழைப்பு மணி. உணவை முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள். எதிரே வந்து பல்லைக் காட்டினால் நீங்கள் பதிலுக்குப் பல்லைக் காட்ட வேண்டாம். கண்ணைப் பார்க்காமல், ஓடாமல், நகர்ந்துவிடுங்கள்.

சுற்றி வர, கதைகளையும் சேர்த்து, ஒன்றரை மணி நேரம். இறங்கியதும் டவுனில் பசியாறுங்கள். பூங்காவுக்குள் சாப்பாட்டுக் கடையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டாவது நடை: பூங்காவின் கரையும் பலகைப் பாதையும்

குன்றின் அடிவாரத்திலேயே கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் நுழைவாயில். 1987-இல், மலேசிய இயற்கைச் சங்கத்தின் உழைப்பால் உருவானது. முகப்பில் சிறு கட்டணம் வாங்குவார்கள். கட்டணம் கொடுக்கும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எந்தெந்தப் பாதை இன்று திறந்திருக்கிறது? எத்தனை மணிக்குக் கதவை மூடுவீர்கள்? சதுப்பு நிலத்தில் மரப்பலகை சீக்கிரம் உளுத்துவிடும். பழுது பார்ப்பதற்காக ஏதாவது ஒரு பகுதியை மூடி வைத்திருப்பது சாதாரணம். மூடியிருந்தால் மூடியிருக்கிறது. கயிற்றைத் தாண்டிப் போகிறவர்களைப் பார்த்துப் பின்னால் போகாதீர்கள்.

பாதை முழுக்கச் சமதளம். உள்ளே நுழைந்ததும் மர நிழல், பிறகு உவர்நீர் ஏரி, அதைச் சுற்றிக் கரை. ஏரியோரத்தில் பறவை பார்க்கும் மறைவிடங்களும் கோபுரங்களும் உண்டு. மறைவிடத்துக்குள் போய்ப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் கொக்கு, நாரை, மீன்கொத்தி என்று ஒவ்வொன்றாக வரும். அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வரிசையாக நீந்திப் போகும். பேசிக்கொண்டே இருந்தால் ஏரி மட்டும்தான் தெரியும்.

இந்தக் கரைதான் பலரை ஏமாற்றுவது. சமதளம்தானே என்று நடுப்பகலில் நடக்கத் தொடங்குவார்கள். கரையின் பெரும்பகுதியில் நிழல் கிடையாது. பக்கத்து நீரும் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஒருமுறை கிள்ளானிலிருந்து வந்த உறவினர் கூட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கு இதில் அழைத்துப்போன புண்ணியவான் நான்தான். பாதி வழியில் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார், சின்னவள் வாந்தி எடுத்தாள், தண்ணீர் தீர்ந்துபோனது. தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோவது எல்லாம் வெயில் உடம்புக்குள் இறங்கிவிட்டதன் அடையாளங்கள். நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். பேச்சுக் குழறினால் அடுத்த நொடியே அவசர எண் 999. அன்றைக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் கரையில் கால் வைப்பதில்லை என்று அன்றிலிருந்து வைராக்கியம்.

கரையைத் தாண்டிக் கண்டல் காட்டுக்குள் போகும் பலகைப் பாதைதான் இந்த ஊரின் சொத்து. இங்கே நடக்காதீர்கள், நில்லுங்கள். நின்றால் முதலில் காது திறக்கும். சேற்றுக்குள்ளிருந்து விரல் சொடுக்குவதுபோல் சடக், சடக் என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். ஒற்றைக் கொடுக்கைச் சொடுக்கி இரை பிடிக்கும் ஒரு வகை இறாலின் வேலை அது. பிறகு கண் பழகும். வெறும் சேறு என்று நினைத்த இடம் முழுக்க நகரும். ஆண் நண்டுகள் உடம்பு அளவுக்கு இருக்கும் ஒற்றைக் கொடுக்கை மேலும் கீழும் ஆட்டி, யாரையோ வா வா என்று அழைத்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் அம்மா பலகையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு சேற்று மீனைக் கால் மணி நேரம் பார்த்தார். பெலாச்சாக் என்று மலாயில் சொல்வார்கள். மீன்தான், ஆனால் தண்ணீர் வற்றினால் கவலைப்படாமல், முன்துடுப்புகளைக் கைபோல் ஊன்றிச் சேற்றில் ஏறி வந்துவிடும். அன்று வந்தது ஆள்காட்டி விரல் நீளம். தலையின் உச்சியில் இரண்டு கண்கள், தவளைக்கு உள்ளதுபோல். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கண்ணைக் குழிக்குள் இழுத்து, நனைத்து, மறுபடி வெளியே தள்ளியது. இன்னொன்று எல்லைக்குள் வந்ததும் முதுகுத் துடுப்பை விசிறிபோல் விரித்தது. உள்ளே நீலப் புள்ளிகள். இரண்டும் வாயைத் திறந்து நின்றன. பிறகு வந்தது தோற்றுப்போய்த் துள்ளித் துள்ளி ஓடியது. "தண்ணீரும் வேண்டும், தரையும் வேண்டும் என்கிறது பார்" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தார்.

மரங்களில் இரண்டை மட்டும் அடையாளம் கண்டுகொண்டால் போதும். தண்டிலிருந்து கால் கால்களாக வேர் இறக்கி நிற்பது பாக்காவ். அதன் விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கும். விழும்போது சேற்றில் குத்தி நின்று, அங்கேயே வேர் விடும். தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி வேர் நீட்டியிருப்பது அப்பி அப்பி. காற்றில்லாத சேற்றில் அந்தக் குச்சிகள்தான் அதற்கு மூக்கு. ஆகவே பாதையை விட்டு இறங்கி அவற்றை மிதிக்காதீர்கள். மிதித்தால் முழங்கால் வரை புதைந்து சப்பாத்தையும் பறிகொடுப்பீர்கள். முகத்துவாரங்களில் உப்புநீர் முதலையும் உண்டு என்பதால், ஆற்றோரத்தில் காலை நனைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

பூங்கா முழுவதற்கும் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். பதினொரு மணிக்கு வெளியே வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு நான்கு மணி வரை நடைக்கு விடுமுறை. ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவ கிராமத்தில் மீன், இறால், நண்டு என்று மதியச் சாப்பாடு. பாலத்தில் வண்டிகள் பறக்கும், காரிலேயே போங்கள்.

மூன்றாவது நடை: தோட்டத்துச் சாலை

எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இல்லாத பாதை இது. எனக்குப் பிடித்ததும் இதுதான். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கங்களில் கப்பிச் சாலைகள் செம்பனைக்குள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. மலேசியாவில் வாணிபத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், 1917-இல், ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரரின் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆமாம், நம் தென்னை மரமேதான். ஆங்கில எழுத்தில் அதைப் படிக்கிற பலருக்கு அது தமிழ் என்பதே தெரியாது.

தோட்டம் பொது இடம் இல்லை. இதை மறந்துவிட்டு வாசலில் ஜாகாவோடு, அதாவது காவலாளியோடு, மல்லுக்கு நிற்கிறவர்கள் உண்டு. வழி இதுதான்: தோட்டத்துக் கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ போகும் பொதுச் சாலையைத் தேர்ந்தெடுங்கள். கோயில் வாசலில் காரை நிறுத்தி, உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு, அங்கிருப்பவரிடம், "ஐயா, இந்தச் சாலையில் கொஞ்சம் நடந்து வரலாமா?" என்று கேளுங்கள். எதுவரை போகலாம், எந்தப் பக்கம் நாய், எங்கே இன்று மருந்து அடிக்கிறார்கள் என்று மூன்றையும் அவரே சொல்லிவிடுவார். தடுப்புக் கம்பி போட்ட உள்சாலைக்குள் போக வேண்டுமென்றால் தோட்ட அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மருந்து அடிக்கும் நாளில் கேள்வியே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

நான்கரை மணிக்குத் தொடங்குங்கள். வேலை முடிந்திருக்கும், வெயில் சாய்ந்திருக்கும், செம்பனை மட்டைகளின் ஊடாக வெளிச்சம் கோடு கோடாக விழும். மரங்கள் ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணக் கணக்கில் நடப்பட்டவை. நடந்துகொண்டே பக்கவாட்டில் பார்த்தால் நிரைகள் திறந்து மூடித் திறப்பதுபோல் இருக்கும். சாலையோரத்தில் மஞ்சள் பூச்செடி வரிசையாக நிற்பதைப் பார்த்து, தோட்டத்துரைக்கு அழகுணர்ச்சி அதிகம் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பனை ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கிற பூச்சிகளுக்குத் தேன் கொடுக்கத்தான் அவை. கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால், அது எலி பிடிக்கும் ஆந்தைக்குக் கட்டிக் கொடுத்த வீடு. எலி இருக்கும் இடத்தில் ஆந்தை மட்டுமா வரும்? நாகமும் மலைப்பாம்பும் வரும். ஆகவே வெட்டிப் போட்ட மட்டைக் குவியலின் மேல் ஏறக்கூடாது, அதற்குள் கைவிடவும் கூடாது. சாலையின் நடுவிலேயே நடங்கள். பாம்பு கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் ஆளை உட்காரவைத்து 999-ஐ அழையுங்கள்.

குலை ஏற்றிய லோரி வந்தால் முழுதாக ஒதுங்கி நில்லுங்கள். ஒரு குலை இருபது கிலோவையும் தாண்டலாம், முள்ளோடு. நாய் குரைத்தால் ஓடக்கூடாது. குனிந்து கல்லை எடுப்பதுபோல் பாவனை செய்தாலே பெரும்பாலும் போய்விடும். மாட்டு மந்தை எதிரே வந்தால் மாட்டுக்காரர் வழிவிடச் சொல்லும் பக்கம் நகருங்கள். அவரிடம் பேச்சுக் கொடுத்தால் தோட்டத்தின் ஐம்பது ஆண்டுச் சரித்திரமும் கிடைக்கும்.

நாங்கள் நடக்கும் சாலையில், ஒரு வடிகால் ஓரமாக, கிழட்டு ரப்பர் மரம் ஒன்று தப்பிப் பிழைத்து நிற்கிறது. சுற்றிலும் எல்லாம் செம்பனையாகிவிட்டது. இதை ஏனோ விட்டுவிட்டார்கள். முதல்முறை பார்த்தபோது அம்மா அதன் அருகில் போய், இடுப்பு உயரத்தில் பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, இடமிருந்து வலமாகச் சரிவாகத் தடவினார். எனக்கு வெறும் மேடு பள்ளமாகத் தெரிந்தது. அவருக்கு அது எழுத்து. "வெட்டியவனுக்குக் கை பழகவில்லை. கத்தி கட்டையில் பட்டிருக்கிறது, பார் இந்த முடிச்சை. இதுதான் காயம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்திருந்தால் அன்றைக்குத் தொலைந்தான்" என்றார். ஒரு முழம் மேலே கை போனது. "இது வேறு ஆள். நல்ல கை." விடிவதற்கு முன் ஏன் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். வெயில் ஏறினால் மரம் பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றார். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம் என்று புத்தகமும் அதையேதான் சொல்கிறது.

போகவர நான்கு கிலோமீட்டர் போதும். இடிச்சத்தம் கேட்ட முதல் நிமிடத்திலேயே காருக்குத் திரும்புங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். பூங்காவின் கரைக்கும் இதே விதிதான். அங்கே உங்களைவிட உயரமாக எதுவும் நிற்காது.

இருட்டிய பிறகு

கம்போங் குவாந்தான் டவுனிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். இரவு எட்டு மணியளவில் துடுப்புப் படகில் நான்கு பேராக ஏற்றிக்கொண்டு போவார்கள். கரையோரத்து பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில், ஒரே தாளத்தில் எரிந்து அணையும். கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். எடுத்தாலும் கறுப்புப் படம்தான் வரும். அந்த வெளிச்சம் பூச்சியையும் பக்கத்துப் படகையும் கெடுப்பதுதான் மிச்சம். கொசு மருந்தைப் படகில் ஏறுவதற்கு வெகுநேரம் முன்பே பூசிக் காயவிடுங்கள். படகில் வைத்துத் தெளித்தால் பூச்சிகளுக்கு ஆபத்து. பூச்சியின் புழுப் பருவம் ஆற்றங்கரை ஈர மண்ணில் நத்தை தின்று வளர்வது. கரையை வழித்துச் செம்பனை நட்ட இடத்தில் அது வளராது. படகிலிருந்து பார்த்தால் விளக்கு எரியும் மரமும் எரியாத மரமும் மாறி மாறி வரும்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தை உடனே கழுவிவிடுங்கள். கண்டல் சேறு காய்ந்தால் சிமெண்டுபோல் இறுகும், நாற்றமும் போகாது. கழுவி, கவிழ்த்து, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் வெடித்துவிடும். எங்கள் வீட்டு வேலியில் இரண்டு ஜோடி கவிழ்ந்து தொங்குகின்றன. அம்மாவுடையதில்தான் பற்கள் அதிகம் தேய்ந்திருக்கின்றன.